படம் காட்டுபவர்களும் பாராயணம் செய்பவர்களும்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்ட பாய்ம இயக்கவியலை முதுகலையில் எடுத்துப் படிப்பவர்களுக்கு இரண்டு கட்சிகளை நன்றாகத் தெரியும்.

முதலாவது படம் காட்டும் கட்சி. மென்பொருளைத் திறந்து, வடிவத்தை வரைந்து, மெஷ் போட்டு, ராத்திரி ஓடவிட்டுப் போய்த் தூங்கினால் காலையில் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் வந்திருக்கும். அதைத் தீசிஸில் ஒட்டி, கீழே "படம் 4.17" என்று எழுதிவிட்டால் ஒரு அத்தியாயம் தேறிவிடும். "இந்த மென்பொருள் இருக்கும்போது பென்சிலும் பேப்பரும் எதற்கு சார்?" என்பது இவர்களின் கொள்கை முழக்கம்.

இரண்டாவது பாராயணக் கட்சி. கரும்பலகையில் இடது மூலையில் ஆரம்பித்து வலது மூலை வரை பிளாசியஸ் சமன்பாட்டை வருவிப்பார்கள். அதை நாம் நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, ஒரு வரி பிசகாமல் பரீட்சைத் தாளில் இறக்கி வைத்தால் முழு மார்க். "அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம்..." என்று இவர்கள் ஆரம்பித்தால் முடிய அரை மணி நேரமாகும்.

இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பழமைக்கும் புதுமைக்கும் நடக்கிற சண்டை மாதிரி தெரியும். அதெல்லாம் சும்மா. இரண்டுமே உள்ளுக்குள் கூட்டணி என்பதுதான் என் வாதம். இரண்டு பேருமே மாணவனுக்குச் சொல்லித்தர வேண்டிய ஒரே விஷயத்தைச் சொல்லித்தருவதில்லை: இந்த ஓட்டத்தில் எது முக்கியம், எதை விட்டுவிடலாம், விட்டால் எவ்வளவு தப்பு வரும்?

பகுப்பாய்வு முறைகள் என்று பாடத்திட்டத்தில் இருப்பது இந்தக் கேள்வியைக் கேட்கும் வித்தைதான். சமன்பாட்டை முழுசாகத் தீர்க்கும் வித்தை என்று நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே வந்துவிட்டது. நேவியர் 1822-இல், ஸ்டோக்ஸ் 1845-இல். அதைச் சுருக்காமல் அப்படியே தீர்த்த ஓட்டங்களை ஒரு அத்தியாயத்துக்குள் அடக்கிவிடலாம். குழாயில் சீராக ஓடும் தண்ணீர், இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடும் எண்ணெய், அப்படி இன்னும் சில. மீதி நமக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ ஒருவர் தைரியமாக ஒரு பகுதியைத் தூக்கி எறிந்ததால் தெரிந்தது. எறியத் தெரிந்தவர்கள் கட்டிய துறை இது. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் வகுப்பில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம். மிக மெதுவாக நகரும் சிறு உருண்டையின் மீது பாய்மம் தரும் இழுவிசைக்கு 1851-இல் ஸ்டோக்ஸ் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஆறு பை, பாகுத்தன்மை, ஆரம், வேகம், நாலையும் பெருக்க வேண்டியதுதான். பி.இ. படித்த எல்லோருக்கும் தெரியும். மூடுபனியில் இருக்கும் ஒரு நீர்த்துளி, ஆரம் 10 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தில் போட்டால் அது நொடிக்குச் சுமார் 1.2 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். சரியான விடை. பனி ஏன் மெல்ல இறங்குகிறது என்பது புரிந்துவிடுகிறது.

இப்போது அதே சூத்திரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள மழைத்துளியைப் போடுங்கள். வேகம் ஆரத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் விடை நொடிக்கு 121 மீட்டர். அதாவது மணிக்கு 430 கிலோமீட்டருக்கு மேல். இது உண்மையாக இருந்தால் ஆடி மாதத் தூறலில் நனையக்கூட ஹெல்மெட் வேண்டும் :-) உண்மையில் அந்தத் துளி நொடிக்கு ஆறு, ஏழு மீட்டர் வேகத்தில்தான் விழுகிறது.

சூத்திரம் ஒன்றுதான். ஒரு இடத்தில் கச்சிதம், இன்னொரு இடத்தில் கேலிக்கூத்து. ஏன்? ஸ்டோக்ஸ் எறிந்தது நிலைமத்தை, அதாவது பாய்மம் தன் போக்கிலேயே போக நினைக்கும் குணத்தை. பாகுத்தன்மை முன்னால் நிலைமம் ஒன்றுமே இல்லை என்றால்தான் அப்படி எறியலாம். இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் ரெனால்ட்ஸ் எண். பனித்துளிக்கு அது கிட்டத்தட்ட 0.02. மழைத்துளிக்கு எண்ணூறுக்கும் மேல். பாராயணக் கட்சி சூத்திரத்தை வருவிக்கச் சொல்லும். "இது எங்கே உடையும்?" என்று ஒரு கேள்வி கேட்காது. கேட்டால் மார்க் போடுவது கஷ்டம் பாருங்கள்.

நிற்க. இந்தக் கதையில் இன்னும் சுவாரசியமான பகுதி ஒன்று உண்டு. வகுப்புகளில் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. நிலைமத்தை முழுசாக எறிந்த ஸ்டோக்ஸின் விடையை எடுத்துக்கொண்டு, எறிந்ததில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்த்து அடுத்த திருத்தத்தைக் கணக்கிட 1889-இல் ஒருவர் முயன்றார். பின்னாளில் தத்துவ அறிஞராகப் பெயரெடுத்த வைட்ஹெட்தான் அவர். கணக்கு வரவில்லை. தொலைதூரத்தில் பொருந்த வேண்டிய நிபந்தனையோடு எந்தத் தீர்வும் பொருந்த மறுத்தது. சின்னத் திருத்தம்தானே, ஏன் வரமாட்டேன் என்கிறது?

1910-இல் ஓசீன் காரணத்தைக் கண்டுபிடித்தார். உருண்டைக்குப் பக்கத்தில் நிலைமம் அற்பம்தான். ஆனால் தூரமாகப் போகப் போகப் பாகு விசை வேகமாகக் குறைகிறது, நிலைமம் மெதுவாகக் குறைகிறது. ஆரத்தை ரெனால்ட்ஸ் எண்ணால் வகுத்தால் வரும் தூரத்தில் இரண்டும் சமமாகிவிடும். ஆக, பக்கத்தில் ஒரு சமன்பாடு, தூரத்தில் வேறொரு சமன்பாடு. இரண்டையும் நடுவில் தைப்பது எப்படி என்பதை முறைப்படி செய்துகாட்டக் கேப்லனும் லாகர்ஸ்ட்ராமும் ஒரு பக்கம், ப்ரௌட்மனும் பியர்சனும் இன்னொரு பக்கம், 1957 வரை ஆயிற்று.

அதாவது ஒரு உருண்டை மெதுவாக நகர்வதைப் புரிந்துகொள்ள ஸ்டோக்ஸிலிருந்து 106 வருடம்! அந்த 106 வருடத்தில் என்ன யோசித்தார்கள் என்பதுதான் பாடம். வகுப்பில் நமக்குக் கிடைப்பதோ முதல் வருடத்துச் சூத்திரமும் கடைசி வருடத்துத் திருத்தமும் மட்டும். கோனார் நோட்ஸை மட்டும் படித்துவிட்டுக் குறுந்தொகையை ரசித்தேன் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எல்லைப்படலத்தின் கதையும் இதுதான். பாகுத்தன்மையே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நகரும் பொருளுக்கு இழுவிசையே இல்லை என்று விடை வரும். 1752-இல் தாலம்பேர் சொன்ன முரண்பாடு இது. காற்றுக்குப் பாகுத்தன்மை மிகவும் குறைவு. குறைவானதை எறிந்தால் விடையும் கொஞ்சம்தானே மாற வேண்டும்? மாறவில்லை, தலைகீழாகிறது. 150 வருடத்துக்கு மேல் இது உறுத்திக்கொண்டே இருந்தது.

1904-இல் ஹைடல்பர்க்கில் நடந்த கணித மாநாட்டில் 29 வயது ப்ராண்டில் ஒரு சின்னக் கட்டுரை வாசித்தார். பாகுத்தன்மையை எங்கும் எறியலாம், சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் எறியக்கூடாது, ஏனென்றால் அங்கே வேகம் பூஜ்யத்திலிருந்து முழு வேகத்துக்கு ஒரு சின்ன இடைவெளிக்குள் ஏற வேண்டியிருக்கிறது என்றார். நான்கு வருடம் கழித்து அவருடைய மாணவர் பிளாசியஸ் செய்ததுதான் நாம் மனப்பாடம் செய்யும் அந்த வருவித்தல். ப்ராண்டிலின் யோசனையை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டு, பிளாசியஸின் அல்ஜீப்ராவில் இரண்டு வகுப்பு செலவழிக்கிறோம். மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாப்பிள்ளைத் தோழனுக்கு மாலை போடுகிற மாதிரி.

இப்போது படம் காட்டும் கட்சிக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். கார் முகப்பில் காற்று எப்படி ஓடுகிறது, டர்பைன் இலைகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதையெல்லாம் பென்சிலால் சொல்ல முடியாது. கணினி வேண்டும். அதில் சண்டையே இல்லை.

ஆனால் மென்பொருளிடம் வேலை வாங்கவே பென்சில் வேண்டும் என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? ஒரு மீட்டர் நீளத் தட்டின் மீது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. ரெனால்ட்ஸ் எண் பத்து லட்சம். ஓட்டம் கொந்தளிக்காமல் இருந்தால் தட்டின் கடைசியில் எல்லைப்படலத்தின் தடிமன் சுமார் 5 மில்லிமீட்டர். நீளத்தை ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் வந்துவிடும், அரை நிமிட வேலை. இது தெரியாமல் 10 மில்லிமீட்டர் கட்டங்களாக மெஷ் போட்டால், உராய்வு முழுவதும் நடக்கிற இடத்தில் ஒரு கட்டம்கூட முழுசாக இருக்காது. மென்பொருள் கோபித்துக்கொள்ளாது. அழகாகப் படம் கொடுக்கும். அந்தப் படத்தில் இருக்கும் உராய்வு அந்தத் தட்டின் உராய்வாக இருக்காது.

"பெரிய கணினி வந்தால் எல்லாவற்றையும் நுணுக்கமாகப் போட்டுவிடலாமே" என்பார்கள். போடலாமா என்று அதற்கும் பென்சிலிடம்தான் கேட்க வேண்டும். கொந்தளிப்பின் மிகச்சிறிய சுழி எவ்வளவு சின்னது என்பதற்கு 1941-இல் கொல்மோகோரோவ் தந்த மதிப்பீடு இருக்கிறது. அதன்படி எல்லாச் சுழிகளையும் பிடிக்கத் தேவையான புள்ளிகளின் எண்ணிக்கை, ரெனால்ட்ஸ் எண்ணின் ஒன்பதின்கீழ் நான்கு அடுக்கு, அதாவது 2.25 அடுக்கு. பத்து லட்சத்துக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 30 லட்சம் கோடிப் புள்ளிகள். இதுவும் ஒரே ஒரு கணத்துக்கு! அதனால்தான் மென்பொருள் கொந்தளிப்புக்கு மாதிரிகளைப் பயன்படுத்துகிறது. அந்த மாதிரிகள் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் எதையோ எறிந்திருக்கிறார். மெனுவில் க்ளிக் செய்யும்போது அவர் எறிந்ததை நீங்களும் சேர்த்தே எறிகிறீர்கள். என்னவென்று பார்த்தீர்களா?

இன்னொன்று. உருளையைத் தாண்டிப் போகும் ஓட்டம், ரெனால்ட்ஸ் எண் 100. நேரம் மிச்சம் என்று பாதி உருளையை மட்டும் வரைந்து, நடுக்கோட்டில் சமச்சீர் என்று சொல்லி, நேரத்தோடு மாறாத தீர்வைக் கேளுங்கள். கொடுத்துவிடும். மேலும் கீழும் ஒரே மாதிரி இரண்டு சுழிகள், அமைதியாக. ஆனால் ரெனால்ட்ஸ் எண் சுமார் 47-ஐத் தாண்டினாலே இந்தச் சமச்சீர் ஓட்டம் நிலையற்றதாகிவிடுகிறது. நிஜத்தில் மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று சுழிகள் மாறி மாறிக் கழன்று போகும், உருளையையும் ஆட்டும். உங்கள் படத்தில் இருப்பது சமன்பாட்டின் சரியான தீர்வுதான், இயற்கையில் இல்லாத தீர்வு. இந்த வித்தியாசத்தை எந்த கன்வர்ஜென்ஸ் கிராஃபும் காட்டாது. ஒரு சின்னத் தொந்தரவு கொடுத்தால் அது வளருமா தேயுமா என்று கேட்கும் நிலைப்புப் பகுப்பாய்வு காட்டும்.

இதெல்லாம் மார்க் சமாச்சாரம்தானே என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் மோன்ஜு என்று ஒரு அணு உலை. 1995 டிசம்பர் 8 அன்று அதில் திரவ சோடியம் கசிந்து தீப்பிடித்தது. காரணம், சோடியம் ஓடும் குழாய்க்குள் வெப்பமானியை வைத்திருந்த மெல்லிய உறை உடைந்தது. உறைக்குப் பின்னால் கழன்ற சுழிகள் அதை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. இப்படிப்பட்ட உறைகளுக்கு அன்று புழக்கத்தில் இருந்த விதி, ஓட்டத்துக்குக் குறுக்கே ஆடும் அதிர்வைத்தான் பார்த்தது. ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடும் அதிர்வை எறிந்துவிட்டிருந்தது. உடைத்தது அந்த அதிர்வு. உலை மறுபடி இயங்க 2010 ஆனது. 2016-இல் மூடிவிடுவதென்று முடிவு செய்தார்கள். கைப்புத்தகச் சூத்திரத்தில் யார் எதை எறிந்தார்கள் என்று கேட்காததன் விலை இது. இங்கே குற்றவாளி மென்பொருள் இல்லை, பாராயணம் என்பதையும் கவனியுங்கள்.

பென்சில் பொய்யே சொல்லாது என்றும் நான் சொல்ல வரவில்லை. 1900-இல் பெனார் மெல்லிய திரவப் படலத்தைக் கீழிருந்து சூடாக்கி அழகான அறுகோண வடிவங்களைப் பார்த்தார். 1916-இல் ராலே பிரபு அதற்கு ஒரு கணக்குப் போட்டார். சூடான திரவம் லேசாகி மேலே எழுகிறது, ஒரு எல்லையைத் தாண்டினால் ஓட்டம் பிறக்கிறது. மேலும் கீழும் திடமான தட்டுகள் இருந்தால் அந்த எல்லை எண் 1708. நம்ம ஊர் மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1961-இல் எழுதிய தடிமனான புத்தகத்தில் இந்த மாதிரிக் கணக்குகள் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கின்றன. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பெனார் பார்த்த அறுகோணங்களுக்கு முக்கியக் காரணம் மிதப்பு இல்லை, மேற்பரப்பு இழுவிசை. ராலே எறிந்துவிட்டது அதைத்தான்! 1956-இல் பிளாக் சோதனையிலும் 1958-இல் பியர்சன் கணக்கிலும் காட்டினார்கள். ஆனாலும் பாருங்கள், ராலே எதை எறிந்தார் என்பது அவர் தாளிலேயே இருந்தது. அதனால்தான் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு வண்ணப் படத்தில் அப்படித் தேட முடியுமா?

எறியத் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு டெய்லர் ஒருவர் போதும். 1945 ஜூலை 16 அன்று அமெரிக்கா முதல் அணுகுண்டைச் சோதித்தது. அதன் சக்தி ரகசியம். 1947-இல் தீக்கோளத்தின் புகைப்படங்களை வெளியிட்டார்கள், ஒவ்வொன்றிலும் எத்தனையாவது மில்லிநொடி என்ற குறிப்போடும் அளவுகோலோடும். தீக்கோளத்தின் ஆரத்தைத் தீர்மானிப்பவை சக்தி, காற்றின் அடர்த்தி, நேரம், இவை மூன்று மட்டும்தான் என்று டெய்லர் முடிவு செய்தார். குண்டின் அளவு, சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் எல்லாம் அவுட். மூன்றையும் சேர்த்து ஒரு நீளம் செய்ய ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. திருப்பிப் போட்டால், சக்தி என்பது அடர்த்தி பெருக்கல் ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு, வகுத்தல் நேரத்தின் வர்க்கம். 25 மில்லிநொடியில் ஆரம் 130 மீட்டர். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.25 கிலோ. நீங்களே போடுங்கள். ஏழரை லட்சம் கோடியைப் பத்தால் பெருக்கிய அளவு ஜூல், டி.என்.டி. கணக்கில் 17, 18 ஆயிரம் டன். முன்னால் நிற்கும் குணகத்தையும் கணக்கிட்டு 1950-இல் டெய்லர் வெளியிட்டது 16,800 டன். அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டு வந்தது 21,000. ஒரு மாதத்துக்கு எழுபதாயிரம் கோர்-மணி வாங்கிக் கொடுத்தாலும், முதலில் எதை எறிவது என்று தெரியாதவனுக்கு இது வராது.

இப்போது மூன்றாவதாக நியூரல் நெட்வொர்க் கட்சியும் வந்துவிட்டது. பனித்துளித் தரவில் பழக்கிய நெட்வொர்க்கிடம் மழைத்துளியைக் கேட்டால் அது தயங்காமல் ஒரு எண் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவனை எங்கே தயாரிக்கிறோம்?

திட்டிக்கொண்டே இருந்தால் போதாது, என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

பகுப்பாய்வு முறைகள் தாளுக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பரீட்சை எழுத விடுங்கள். வருவித்தல் புத்தகத்திலேயே இருக்கட்டும். "இந்த ஓட்டத்தில் எதை எறிவாய், ஏன், எங்கே உடையும்?" என்று கேளுங்கள். திருத்துவது கஷ்டம்தான். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தானே.

பத்துத் தீர்வுகளை ஓட்டமாக ஓடுவதற்குப் பதில் மூன்றை முழுசாக நடத்துங்கள். ஸ்டோக்ஸிலிருந்து 1957 வரை ஒன்று. தாலம்பேரிலிருந்து ப்ராண்டில் வரை ஒன்று. நிலைப்புப் பகுப்பாய்வில் ஒன்று. வைட்ஹெட் மாட்டிக்கொண்ட இடத்தில் மாணவனும் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு முழிக்கட்டும்.

சி.எஃப்.டி. தீசிஸ் எதுவாக இருந்தாலும் முதல் வண்ணப் படத்துக்கு முன்னால் ஒரு பக்கக் கைக்கணக்கு கட்டாயம் என்று வையுங்கள். எந்த எண்கள் பெரிது, எவை சிறிது, விடை எந்த அளவில் வர வேண்டும். வைவாவில் முதல் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். அது இல்லையென்றால் படத்தைப் பார்க்க மாட்டோம் என்று தேர்வாளர்கள் சொல்லட்டும். பாதித் தீசிஸ் அங்கேயே நின்றுவிடும். நிற்கட்டும்.

மாணவர்களுக்கும் ஒன்று. பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி ரன் போடுவதற்கு முன்னால், காலையில் என்ன எண் வரும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். காலையில் இரண்டும் பத்து மடங்கு வித்தியாசப்பட்டால், எது தப்பு என்று கண்டுபிடிக்கும் வரை யாருக்கும் படம் காட்டாதீர்கள்.

இதற்கு மறுப்பு உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வரும்போது படத்தோடு வராமல் கணக்கோடு வாருங்கள்.